மகப்பேறு இறப்பை எண்ண எந்த வழி? நேபாளத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

நேபாளத்தில் 2016-இல் நடந்த டிஎச்எஸ் (மக்கள்தொகை, சுகாதாரம் பற்றிய வீட்டு மாதிரி ஆய்வு), ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 239 தாய்மார் இறக்கிறார்கள் என்றது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி நடந்த ஆய்வு அதே விகிதத்தை 151 என்றது. ஐந்தாண்டில் இவ்வளவு இறங்கிவிட்டதா? இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முதல் எண் 12,862 பெண்களை நேர்கண்ட ஆய்வில், அவர்களுடைய உடன்பிறந்த சகோதரிகளைப் பற்றிக் கேட்டுப் பெற்றது. ஆய்வுக்கு முந்தைய ஏழாண்டுகளின் சராசரி அது. அதன் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை எண் பெரும்பாலும் இருக்கக்கூடிய எல்லை, 134-இல் தொடங்கி 345 வரை போகிறது. 151-உம் அதற்குள்ளேயே அடங்குகிறது. இரண்டாவது எண், நாடு முழுக்க வீடு வீடாகக் கேட்டு, ஓராண்டில் நேர்ந்த மரணங்களைத் தேடி எண்ணியது.

பொது சுகாதாரம் படிப்பவர்களும் மாவட்டத் திட்ட அலுவலர்களும் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். பதிவு முறை இன்னும் முழுமையாகாத ஒரு நாடு, கையில் இருக்கும் பணத்தை எந்த முறையில் போடுவது? மாதிரி ஆய்விலா, கணக்கெடுப்பிலா, நிரந்தரப் பதிவிலா, ஒவ்வொரு மரணமும் ஏன் நேர்ந்தது என்று ஆராயும் மரணத் தணிக்கையிலா? ஒவ்வொன்றையும் எடைபோடும் முன் எதைக் கொண்டு எடைபோடுவது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

எதை எண்ணுகிறோம்? கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள்ளோ ஒரு பெண் இறந்து, அந்த மரணம் கர்ப்பத்தாலோ அதற்கான சிகிச்சையாலோ நேர்ந்திருந்தால், அல்லது அவற்றால் முற்றிய நோயால் நேர்ந்திருந்தால், அது மகப்பேறு இறப்பு. அதே காலத்துக்குள் சாலை விபத்தில் இறந்தால் அது சேராது. காரணத்தைப் பார்க்காமல் காலத்தை மட்டும் பார்த்து எண்ணினால் கிடைப்பது வேறோர் எண். நேபாளத்தின் 2021 ஆய்வில் அந்தக் காலத்துக்குள் நேர்ந்த 653 மரணங்களில் 622 மட்டுமே மகப்பேறு இறப்பாக வகைப்படுத்தப்பட்டன. தற்கொலை தனியாகக் கவனிக்க வேண்டியது. கர்ப்ப காலத் தற்கொலையை நேரடி மகப்பேறு இறப்பாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் 2012 வழிகாட்டி சொல்கிறது. காவல் நிலையப் பதிவேட்டில் தங்கிவிடும் இந்த மரணங்களைத் தேடிப் போகாத முறை, இளம்பெண்களின் மரணத்தைத்தான் அதிகம் தவறவிடும்.

எத்தனை மரணம் கையில் கிடைக்கும்? நம்பகத்தை முடிவு செய்வது நேர்காணல்களின் எண்ணிக்கை அல்ல, எண்ணப்பட்ட மரணங்களின் எண்ணிக்கை. 25 மரணம் கிடைத்தால் பிழை ஏறக்குறைய 40 சதவீதம் இரு பக்கமும். 100 கிடைத்தால் 20 சதவீதம். 10 சதவீதத்துக்குக் கொண்டுவர 400 வேண்டும். ஆயிரம் பேருக்கு 20 பிறப்பும், லட்சம் பிறப்புக்கு 200 இறப்பும் இருக்கும் ஊரில், ஒரு லட்சம் மக்களிடையே ஆண்டுக்கு 4 மகப்பேறு இறப்புதான் நேரும். 100 மரணம் பார்க்க 25 லட்சம் பேரை ஓராண்டு கண்காணிக்க வேண்டும். ஆய்வுத் திட்டம் எழுதும் பலர் இந்தக் கணக்கைப் போடாமலேயே மாவட்ட வாரியாக விகிதம் தருவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

எந்தக் காலத்தைச் சொல்கிறது? ஏழாண்டு பழைய சராசரியை வைத்து, போன ஆண்டு தொடங்கிய திட்டத்தை மதிப்பிட முடியாது.

எண் யார் கைக்குப் போகிறது? திட்டக் குழுவுக்கு விகிதம் போதும். ரத்த வங்கி எங்கே திறப்பது என்று முடிவெடுக்க வேண்டிய மாவட்ட மருத்துவ அதிகாரிக்கு, யார், எங்கே, எந்த மணிக்கு, எதனால் இறந்தார் என்பது தெரிய வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒரே முறை இரண்டையும் செய்துவிடும் என்ற எதிர்பார்ப்பில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது.

## உடன்பிறந்த சகோதரிகளைப் பற்றிக் கேட்பது

டிஎச்எஸ் போன்ற ஆய்வுகளில் 15 முதல் 49 வயதுவரை உள்ள ஒவ்வொரு பெண்ணிடமும், ஒரே தாய் வயிற்றில் பிறந்த அனைவரையும் வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள். இறந்த சகோதரி இருந்தால், கர்ப்பத்திலா, பிரசவத்திலா, பிரசவத்துக்குப் பின்னா என்று கேட்பார்கள். ஒரு வீட்டில் பல உயிர்களைப் பற்றிய தகவல் கிடைத்துவிடுவதால் சிறிய மாதிரியே போதும். ஏற்கெனவே நடக்கப்போகும் ஆய்வில் சில பக்கங்களைச் சேர்ப்பதுதான் செலவு.

குறைகள் மூன்று. கிடைக்கும் எண் பழையது. நம்பிக்கை இடைவெளி மிக அகலமானது. மரணக் காரணமும் தெரியாது, மாகாண விகிதமும் கிடைக்காது. போதாததற்கு, கரு கலைந்தோ கலைத்தோ இறந்த சகோதரியின் கர்ப்பம் உடன்பிறந்தவளுக்கே தெரியாமல் இருக்கலாம். மணமாகாத பெண் என்றால் தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள். குடும்பங்கள் சிறுத்து, ஒருத்திக்கு ஒரு சகோதரிகூட இல்லாத நிலை வரும்போது இந்த முறையின் ஒரே அனுகூலமும் போய்விடும்.

விகிதம் 500-ஐத் தாண்டியிருக்கும், பதிவு முறை அறவே இல்லாத, போரிலோ பேரிடரிலோ சிக்கிய நாட்டுக்கு இது ஏற்றது. 1996-இல் நேபாளத்துக்கு 539 என்ற எச்சரிக்கையைக் கொடுத்தது இந்த வழிதான். இன்றைய நேபாளம் அந்த நிலையைக் கடந்துவிட்டது.

## பெரிய வீட்டாய்வு, கூடவே வாய்மொழி உடற்கூறாய்வு

இதை முழு அளவில் செய்து காட்டியது பங்களாதேஷ். 2001-இல் சுமார் ஒரு லட்சம் வீடுகள், 2010-இல் சுமார் 1.75 லட்சம், 2016-இல் ஏறக்குறைய 3 லட்சம் வீடுகள். அண்மைய ஆண்டுகளில் வீட்டில் இறந்தவர்களைக் கேட்டறிந்து, அவர்களில் 15–49 வயதுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் வாய்மொழி உடற்கூறாய்வு நடத்தினார்கள். அதாவது, கடைசி நோயின் அறிகுறிகளை வீட்டாரிடம் கேட்டு, மருத்துவர்கள் காரணத்தைக் கணிப்பது.

விகிதம் 2001-இல் 322, 2010-இல் 194, 2016-இல் 196. இவ்வளவு பெரிய ஆய்வு நடத்தியும் கடைசி இரண்டு எண்களுக்கிடையே ஏற்றமா இறக்கமா என்று சொல்ல வழியில்லை. 20 சதவீத மாற்றத்தை உறுதியாகப் பிடிக்க ஒவ்வொரு சுற்றிலும் 300 மரணமாவது கையில் இருக்க வேண்டும். ஆனால் இந்த ஆய்வின் உண்மையான மதிப்பு காரணப் பட்டியலில் இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு ரத்தப்போக்கும் பேறுகால வலிப்பும் காரணம் என்று தெரிந்தது. ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசினும் வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட்டும் எங்கெங்கே கையிருப்பில் இல்லை என்று பார்க்க, விகிதத்தைவிட அந்தப் பட்டியல்தான் உதவும்.

மறைந்திருக்கும் செலவுகளை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முதலாவது, மருத்துவர்களின் நேரம். ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு மருத்துவர் தனித்தனியே படிக்க வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர். கணினி மென்பொருள் வேகமாகவும் மாறாத அளவுகோலோடும் காரணம் சொல்லும். ஆனால் இதயநோய், ரத்தசோகை போன்ற மறைமுகக் காரணங்களில் தடுமாறும். இரண்டாவது, கலைந்துபோன வீடுகள். தாய் இறந்ததும் குழந்தை பாட்டி வீட்டுக்குப் போய்விடுகிறது, கணவர் வேலை தேடி வெளியூர் போய்விடுகிறார். அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லை. மரணமும் கணக்கில் வராது. எவ்வளவு பெரிய மாதிரி எடுத்தாலும் இந்தப் பிழை சிறுக்காது.

மூன்றாவது, பதில் சொல்பவர் யார் என்பது. நேபாளம் போன்ற நாட்டில் கணவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார். மாமியார் பதில் சொல்வார். ஆனால் பிரசவத்தின்போது கூட இருந்தது நாத்தனாராகவோ பக்கத்து வீட்டுப் பெண்ணாகவோ இருக்கலாம். அவரைத் தேடிப் பிடிக்க இன்னொரு நடை நடக்க வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். கேள்வி கேட்கும் விதமும் முடிவை மாற்றும். “கர்ப்பமாக இருந்தாரா?” என்றால் “இல்லை” என்று முடிந்துவிடும். “இறப்பதற்கு முன் மாதவிலக்கு தள்ளிப்போயிருந்ததா, எத்தனை வாரம்?” என்று கேட்டால் ஆரம்பகாலக் கர்ப்பம் வெளியே வரும். “ரத்தப்போக்கு அதிகமா?” என்பதற்கு எல்லோரும் ஆம் என்பார்கள், எத்தனை துணி நனைந்தது, பாயிலிருந்து தரைக்கு வழிந்ததா என்று கேட்டால்தான் மருத்துவரால் தீர்மானிக்க முடியும்.

காரணப் பட்டியல் இதுவரை இல்லாத நாட்டுக்கு, பத்தாண்டில் ஒருமுறை இந்த ஆய்வு தகும்.

## மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி, பிறகு தேடிப்போதல்

நேபாளம் 2021-இல் எடுத்த வழி இது. கடந்த 12 மாதத்தில் இந்த வீட்டில் யாராவது இறந்தார்களா என்று கணக்கெடுப்பாளர் கேட்டார். இறந்தது 15–49 வயதுப் பெண் என்றால் அந்தத் தகவல் சுகாதாரத் துறைக்குப் போனது. பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் அந்த வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். காரணத்தை நிபுணர்கள் வகைப்படுத்தினார்கள்.

மரணங்கள் 622 என்பதால் தேசிய அளவில் பிழை 8 சதவீதத்தைத்தான் ஒட்டியிருக்கும். ஏழு மாகாணங்களுக்கும் தனித்தனி விகிதம் சொல்ல முடிந்தது. லும்பினியில் 207, பாக்மதியில் 98. நாட்டுச் சராசரிக்குள் இவ்வளவு பெரிய வேற்றுமை புதைந்திருந்ததை எந்த மாதிரி ஆய்வும் காட்டியிருக்க முடியாது. ஆனால் மாகாணத்துக்குச் சராசரியாக 90 மரணம் என்னும்போது அங்கே பிழை 20 சதவீதம். 77 மாவட்டங்களுக்கு இறங்கினால் எண்களுக்குப் பொருளே இராது.

கவனிக்க வேண்டியவை சில. 12 மாதம் எங்கே தொடங்குகிறது என்பது மக்கள் நினைவில் வழுக்கும். போன தசைன் பண்டிகைக்கு முன்னா பின்னா என்று உள்ளூர் நாள்காட்டியை வைத்துக் கேட்கப் பணியாளருக்குப் பயிற்சி தர வேண்டும். கணக்கெடுப்புக்கும் தேடிப்போவதற்கும் இடையில் மாதங்கள் கடந்தால் வீடு மாறிவிடும். வார்டு எண்ணும் வீட்டுத் தலைவர் பெயரும் மட்டும் இருந்தால் மலைக் கிராமத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம். ஓராண்டை மட்டும் பார்ப்பதால் அந்த ஆண்டின் விசேஷம் எண்ணில் ஏறிவிடும். 2021-இன் கணக்கில் கோவிட் அலையும் கலந்திருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, கணக்கெடுப்பு எப்படியும் நடக்கும். கூடுதலாக ஆவது தேடிப்போகும் பணிக்கான செலவு மட்டுமே. அடுத்த சுற்றுக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பதுதான் பெரிய விலை.

## மாதிரிப் பதிவு முறை

இந்தியாவின் வழி. 1969–70 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. இன்று 8,800-க்கும் மேற்பட்ட மாதிரி அலகுகள் (தேர்ந்தெடுத்த சிறு கிராம, நகரப் பகுதிகள்), 80 லட்சத்தைத் தாண்டிய மக்கள். அலகிலேயே வசிக்கும் பகுதிநேரப் பதிவாளர் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து எழுதிவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு மேற்பார்வையாளர் வந்து, அந்தப் பட்டியலைப் பார்க்காமலே, தனியாகக் கணக்கெடுப்பார். இரண்டையும் பொருத்திப் பார்த்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை நேரில் போய்ச் சரிபார்ப்பார்கள். இந்த இரட்டைப் பதிவுதான் முறையின் உயிர்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பழக்கம் உள்ள நாட்டில் இதற்கு இன்னொரு நன்மை உண்டு. எங்கே இறந்தாலும் வழக்கமாக வசிக்கும் இடத்துக் கணக்கில் எழுதுவதால், ஒரே மரணம் இரண்டு ஊரில் பதிவாவதோ இரண்டிலும் விடுபடுவதோ குறையும்.

ஆனால் 80 லட்சம் மக்களிடையே ஆண்டுக்கு ஏறக்குறைய 160 மகப்பேறு இறப்புதான் நேரும். அதனால்தான் மூன்றாண்டுகளைச் சேர்த்து விகிதம் வெளியிடுகிறார்கள். 2018–20-க்கு இந்தியா 97, அசாம் 195, தமிழ்நாடு 54, கேரளம் 19. கேரளம் போன்ற மாநிலத்தில் மாதிரியில் விழும் மரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்றிரண்டு கூடினால் விகிதம் தாவும். மாவட்ட எண்ணுக்கு இங்கே வழியே இல்லை.

மாநிலங்கள் பல கொண்ட பெரிய நாட்டுக்கு, நிரந்தரப் பணியாளரை வைத்துக்கொள்ளும் அரசுக்கு, இது நல்லது. 2.9 கோடி மக்கள் உள்ள நேபாளம் இதை மகப்பேறு இறப்புக்காக மட்டும் தொடங்கினால் கட்டுப்படியாகாது. எல்லா வயது இறப்புகளுக்கும் காரணம் அறியத் தொடங்கினால் நியாயமாகும்.

## ஒவ்வொரு மரணத்தையும் அறிவித்துத் தணிக்கை செய்வது

இலங்கையின் பலம் இதில் இருக்கிறது. சில ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவ மாது (பேறுகாலச் செவிலி). கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் அவரது பதிவேட்டில் இருப்பார். ஒருவர் இறந்தால் தகவல் குடும்ப சுகாதாரப் பணியகம்வரை போகும், தணிக்கை நடக்கும். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரும், கருவுற்ற ஒவ்வொருவருக்கும் பதிவின்போது தரும் பிக்மி எண்ணும் இதே வேலைக்கு அடித்தளம். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை என்பதால் கருவுற்றோர் பதிவு முழுமையை நெருங்குகிறது.

மற்ற முறைகள் தராத ஒன்றை இது தரும். மரணம் நேர்ந்த வாரத்திலேயே, ஆம்புலன்ஸ் எத்தனை மணி நேரம் தாமதித்தது, மயக்க மருத்துவர் ஏன் இல்லை என்பது தெரிந்துவிடும். ஆனால் இதிலிருந்து விகிதம் கணக்கிடுவது ஆபத்து. அறிவிக்கப்படாத மரணம் அதிகமாக இருக்கும் மாவட்டம், மிகச் சிறந்த மாவட்டமாகத் தோன்றும்.

அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. 10 லட்சம் மக்கள் உள்ள மாவட்டத்தில் 15–49 வயதுப் பெண்கள் ஏறக்குறைய 2.6 லட்சம். ஆயிரத்துக்கு 1.5 வீதம் ஆண்டுக்கு 400 பேர் எல்லாக் காரணங்களாலும் சேர்ந்து இறப்பார்கள். அறிவிப்புப் பட்டியலில் 120 பெண் மரணம்தான் இருக்கிறது என்றால், அங்கே மகப்பேறு இறப்பு குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதிக்கு மேல் தகவலே வரவில்லை. ஆகவே களப்பணியாளரிடம் மகப்பேறு இறப்பை மட்டும் அறிவிக்கச் சொல்லக் கூடாது. அந்த வயதில் இறந்த எல்லாப் பெண்களையும் அறிவிக்கச் சொல்ல வேண்டும். எது மகப்பேறு இறப்பு என்று பிரிப்பது அடுத்த கட்ட வேலை, அதைச் செய்ய வேண்டியவர் வேறொருவர்.

மறைந்திருக்கும் விலை, பயம். தணிக்கைக் கூட்டத்தில் மருத்துவரைக் கடிந்துகொண்டால், செவிலியரைப் பணியிடை நீக்கம் செய்தால், அடுத்த மரணம் ‘இதய நிறுத்தம்’ என்று எழுதப்படும், அல்லது உயிர் பிரியும் முன் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்படும். தணிக்கைத் தாளில் பெயர் நீக்கப்பட வேண்டும், அது நீதிமன்றத்துக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆவணமாகக் கூடாது. இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் தணிக்கையைத் தொடங்குவதைவிடச் சில மாதம் பொறுத்துத் தொடங்குவது மேல்.

மரணச் சான்றிதழில் கர்ப்பம் பற்றிய கேள்வி சேர்ப்பதும் உதவும்; இந்தியாவின் படிவம் 4-இல் அது இருக்கிறது. சரிபார்க்காமல் நம்பினால் எதிர்ப்பக்கப் பிழை வரும். அமெரிக்காவில் சான்றிதழில் கர்ப்பத்தைக் குறிக்கும் பெட்டியைத் தவறாகக் குறித்து, வயதான பெண்களின் மரணங்கள்கூட மகப்பேறு இறப்பாக ஏறின. 2018 தரவு முதல் 44 வயதுக்கு மேல் அந்தக் குறியை மட்டும் நம்புவதை நிறுத்தினார்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | எந்தக் காலம் | காரணம் தெரியுமா | கீழ்மட்ட எண் | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| சகோதரிகளைக் கேட்பது | முந்தைய 7 ஆண்டு | இல்லை | நாடு மட்டும் | அகன்ற நம்பிக்கை இடைவெளி, மறைக்கப்படும் கர்ப்பம் |
| பெரிய வீட்டாய்வு | அண்மைய சில ஆண்டு | ஆம் | பெரும்பாலும் நாடு | மருத்துவர் நேரம், கலைந்த வீடுகள் |
| கணக்கெடுப்பும் தேடிப்போதலும் | 12 மாதம் | ஆம் | மாகாணம் | பத்தாண்டு இடைவெளி |
| மாதிரிப் பதிவு | 3 ஆண்டு தொகுப்பு | ஆம் | பெரிய மாநிலம் | நிரந்தரச் சம்பளம் |
| அறிவிப்பும் தணிக்கையும் | உடனுக்குடன் | ஆழமாக | ஒவ்வொரு மரணமும் | பயம், விடுபட்ட அறிவிப்பு |

## நேபாளம் போன்ற நாடு எதைத் தேர்வது

2021 எண்ணை அடித்தளமாக வைத்துக்கொண்டு, இடைப்பட்ட ஆண்டுகளின் பணத்தை அறிவிப்பிலும் தணிக்கையிலும் போடுவதே சரி என்று கருதுகிறோம். விகிதத்துக்காக இன்னொரு பெரிய வீட்டாய்வு இப்போது வேண்டாம். விகிதம் 150-ஐ ஒட்டி வந்துவிட்டதால், ஒரு கணிசமான முன்னேற்றத்தைக் காட்டவே பங்களாதேஷ் நடத்தியதைவிடப் பெரிய மாதிரி தேவைப்படும்.

அறிவிப்பு முழுமையாக இருக்கிறதா என்று அறிய ஆண்டுதோறும் சில மாவட்டங்களில் இரண்டு பட்டியல்களைப் பொருத்திப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, மருத்துவமனைப் பட்டியலில் 60 மரணம், பெண் சமூக சுகாதாரத் தன்னார்வலர்களின் பட்டியலில் 50, இரண்டிலும் இருப்பவை 30 என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 50-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால், நேர்ந்த மொத்த மரணங்களின் மதிப்பீடு 100. நாம் பெயரறிந்தவை 80. இன்னும் 20 மரணம் எந்தப் பட்டியலிலும் இல்லை. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டிருந்தால் பொதுவானவை கூடி, விடுபட்டவை குறைவாகத் தோன்றும். ஆகவே பொருத்திப் பார்க்கும்வரை அவற்றைத் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பாமல் வயது, வார்டு, இறந்த தேதி, கணவர் பெயர் ஆகியவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும்.

இறப்புப் பதிவு ஏறக்குறைய முழுமையாக உள்ள நாட்டுக்கு இன்னொரு குறுக்கு வழி உண்டு. எகிப்து செய்ததுபோல், பதிவான பெண் மரணங்கள் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விசாரிக்கலாம். அங்கே 1992–93-இல் 174-ஆக இருந்த விகிதம் 2000-இல் 84-ஆகக் குறைந்ததை இந்த வழிதான் காட்டியது. நேபாளத்தில் பதிவு அந்த நிலைக்கு வரும் மாகாணங்களில் முதலில் இதைத் தொடங்கலாம்; பாக்மதியையும் லும்பினியையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை.

எந்த வழியானாலும், ஆண்டு முழுதும் ஒரு பெண் மரணம்கூட அறிவிக்காத உள்ளாட்சிகளின் பட்டியலைத் தயாரித்து, அடுத்த ஆண்டின் முதல் களப்பயணத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும்.